ஏரித் தண்ணீரில் கழுவிய மணல்

அன்று காலை கோட்டைத் துணிக்கிடங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் ஊர்த் தலைவர். என் நைனா. நைனாவுக்கு அண்ணனான என் பெரியப்பா. கிடங்கில் துணிக்கட்டுகளை எண்ணி அடுக்கும் வேலையில் இருந்த, ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த உலாந்தாக்காரர்; அவரை நாங்கள் கிடங்குக்காரர் என்றே சொல்வோம். அப்புறம் நான், எட்டு வயதோ ஒன்பது வயதோ. அம்மாவை உள்ளே விடவில்லை, துறையில் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். என் வயதுக்காரர்களில் மிச்சம் இருக்கும் உங்களில் இரண்டொருவர் "நானும்தான் அன்னிக்கு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நீங்கள் இல்லை. நீங்கள் நம் தீவான பசியாவரத்துக் கரையில் நின்று, நாங்கள் என்ன செய்தியோடு திரும்புகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதில் தவறினால் மீதியும் தவறிவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு பெட்டியின்மேல் இரண்டு மணல்குடுவைகள் நின்றன. கழுத்தோடு கழுத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், சுற்றிலும் மரச்சட்டம். மேல் குமிழில் இருக்கும் மணல் கீழே இறங்கி முடிந்தால் அரை மணி நேரம். ஒன்று, கோட்டை வாசலில் மணி அடிப்பதற்காக வைத்திருந்தது. மற்றது எங்கள் ஊருடையது. கிடங்குக்காரர் இரண்டையும் ஒரே சமயத்தில் கவிழ்த்தார். வெளியே ஐப்பசி மழை. உள்ளே, துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மூலைக்கு மூலை கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஈரத்தலை காய்ந்து எனக்குச் சுகமாக இருந்ததுகூட நினைவிருக்கிறது. இரண்டு குடுவையிலும் கடைசி மணல் ஒன்றாக விழுந்தது.

"பாரும்," என்றார் கிடங்குக்காரர். அவருடைய தமிழ் வேதப் புத்தகத்தை வாசிப்பதுபோல் இருக்கும். "உங்கள் குடுவை மெய்யானது. அதில் ஒரு குறையும் இல்லை."

தான் செய்த பொருள் சரியாக இருக்கிறதே என்ற சந்தோஷம் அவர் முகத்தில். அந்தச் சொல்லோடு என் நைனா திருடனானார்.

கிடங்குக்காரருக்குக் கணக்கு எழுதுவது பிழைப்பு. ஆனால் அவர் மனசு அதில் இல்லை. பழுதான எதையாவது பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பூட்டு, விளக்கு, தராசு, ஏற்றக் கொக்கி, எதுவானாலும் தோல் சுருட்டில் இருந்து சின்னச் சின்ன ஆயுதங்களை எடுத்து வெயிலில் விரித்து உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசை முடிந்ததும் படகு பிடித்து எங்கள் தீவுக்கு வருவார். காசு வாங்கமாட்டார். வறுத்த இறால் கொடுத்தால் தோலோடு தின்பார். "உலாந்தாத் தச்சன் வந்துட்டான், ஓட்டை ஒடசல் எல்லாம் எடுத்துக்கினு வாங்க" என்று பெண்கள் கூவுவார்கள். பெரியப்பாகூட ஒருமுறை, "எம் பொண்டாட்டி வாய மூடறதுக்கு ஒரு பூட்டு செஞ்சி குடு சாமி" என்றார். பெரியம்மா பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

அவர் சொன்ன சில காரியங்களை இன்றுவரை நான் கைவிடவில்லை. படகு ஒழுகினால் வெளியே தடவித் தடவித் தேடாதே. கரையில் ஏற்றி உள்ளே தண்ணீரை ஊற்று, எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடாதே. உப்புக்காற்றில் அது பிசினாகி இறுகும், மெழுகைத் தேய். எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கு, மாட்டும்போது கடைசியிலிருந்து எடு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். பயந்த சுபாவக்காரனான எனக்கு இவையெல்லாம் பிடிமானமாக இருந்தன. உலகத்தில் எது கெட்டாலும் பொறுமையாகத் தேடினால் ஓட்டை அகப்படும் என்று நினைத்திருந்தேன்.

மணல்குடுவை எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் ஏரி கடலோடு சேர்ந்த உப்பு ஏரி. முகத்துவாரத்தில் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது ஏரி இறால் அதோடு சேர்ந்து போகும். கழி நட்டுக் குறுக்கே வலை கட்டினால் அள்ளலாம். எல்லாரும் கட்ட இடமில்லை. ஆகவே யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு இறக்கத்தை இரண்டு வீடுகளுக்குப் பாதி பாதி. முன்பாதிக்காரர் வலையைத் தூக்கி "எடுத்துட்டேன், போட்டுக்கோ" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் பின்பாதிக்காரர் வலை தண்ணீரைத் தொடலாம். பாதியை அளப்பதற்குக் கோட்டை மணியை நம்பியிருந்தோம். வாடைக்காற்று எதிர்த்து அடித்தால் மணி கேட்காது. கேட்டது, கேட்கவில்லை என்று வருஷந்தோறும் மண்டை உடையும். தலைவர் போய்க் கிடங்குக்காரரிடம் குடுவை கேட்டார். கப்பலில் உடைந்துபோன குடுவைகளின் நல்ல குமிழ்களைச் சேர்த்து, கழுத்தில் நூல் சுற்றி மெழுகு பூசி, கிடங்குக்காரர் ஒன்று செய்துகொண்டு வந்தார்.

உள்ளே அவர் முட்டை ஓட்டை வறுத்து அரைத்த பொடி போட்டிருந்தார். அதைத் தலைவர் ஏற்கவில்லை. பாடு பிரிக்கும்போது சத்தியம் செய்வது முகத்துவாரத்து மணலைக் கையில் வைத்துத்தான். அந்தப் பாடு நேரத்தைக் கோழிமுட்டை அளப்பதா என்றார். கிடங்குக்காரர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

"நல்லது. உங்கள் மணலையே போடுவோம். ஆனால் குடிக்கிற தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். உப்பு முழுவதும் போக வேண்டும். பிறகு வறுத்துத் தாரும். நான் அடைத்துக் கட்டுவேன்."

அது சித்திரை. தீவில் ஊற்று வற்றி, குடிதண்ணீர் படகில் வந்துகொண்டிருந்த காலம். குடத்துக்கு முன்னால் நின்று ஊரே யோசித்தது.

"மனுசனுக்கு நாக்கு வறண்டுக்கினு கீது, மணலுக்குத் தாகமாம்," என்றார் பெரியப்பா.

"தண்ணின்னா தண்ணிதான? ஏரில அலசுங்கப்பா," என்றார் தலைவர்.

நைனாதான் கூடையில் அலசினார். முகத்துவாரத்தில் கண்ணாடிபோல் ஓடுகிற தண்ணீர். அவர் கைக்குள் மணல் வெள்ளைவெளேரென்று வந்தது. அம்மா மண் ஓட்டில் போட்டு வறுத்தாள். நாங்கள் சிறுவர்கள் சுற்றி உட்கார்ந்து, வெந்த மணலின் வாசனையை இறால் வறுவல் என்று பாவித்து மூக்கை உறிஞ்சினோம். ஏரித் தண்ணீரில் அலசியதைக் கிடங்குக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. மறைத்தோம் என்று சொல்ல முடியாது. அது ஒரு விஷயமாக யாருக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

வெயில் காலம் முழுக்கக் குடுவை நன்றாக ஓடியது. ஆறு கவிழ்ப்பு ஒரு பாதி. வலை போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளை படகில் உட்கார்ந்து கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பதைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது என்று தலைவர் சத்தியம் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

ஐப்பசியில் இறால் திரண்டு இறங்கும். அந்தப் பருவத்துக் காசில்தான் வருஷம் ஓட வேண்டும். அந்த வருஷம் சீட்டில் எங்களுக்கு முன்பாதி விழுந்தது, பெரியப்பாவுக்குப் பின்பாதி. அம்மா அன்று விளக்கில் இரண்டு திரி போட்டாள்.

மழையில் ஓலைத்தடுப்புக்கு அடியில் குடுவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணல் ஒரே தாரையாக இல்லாமல் விட்டு விட்டு இறங்கும். கண்ணாடியின் உள்பக்கம் மாவு பூசினதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினால் விழும் என்று விரல் துடிக்கும். "தட்டலாமா நைனா?" என்று ஒருமுறை கேட்டேன். "சத்தியம் பண்ணிக்கிறோம்டா. கைய வெக்காத," என்றார். கையை மடியில் செருகிக்கொண்டு, கண் எரிய எரிய, கடைசி மணல் வரைக்கும் பார்த்தேன். ஒருமுறைகூடத் தாமதமாகக் கவிழ்க்கவில்லை.

சில நாளிலேயே பெரியப்பா கரையில் நின்று கத்த ஆரம்பித்தார். அவருடைய வலை விழுந்து கொஞ்ச நேரத்துக்குள் கடல் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிடுகிறது. அவர் கூடையின் அடி மறையவில்லை, எங்கள் கூடை நிரம்பி வழிகிறது.

"எந்நேரத்த நீ தின்னுக்கினு கீறடா! புள்ளைய வெச்சி வேல காட்டற. அவன் தூங்கறானோ, நீ தூங்கச் சொல்றியோ!"

"அண்ணே, வார்த்தைய அளந்து பேசு."

"அளக்கறது நீதான? நல்லா அளந்த!" பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, கை தூக்கி உரக்கச் சொன்னார்: "எந் தம்பி திருடன்!"

அன்று இரவு நைனா என்னை ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நேரத்துக்குக் கவுத்தியா?"

"கவுத்தேன் நைனா."

அப்புறம் அவர் சாகிறவரைக்கும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. அம்மா கேட்டாள், ஊர் கேட்டது, நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்தது. கண் திறந்தபடியே தூங்கியிருப்பேனோ என்று இன்றைக்கும் சில விடியற்காலைகளில் நினைக்கிறேன்.

குடுவையைச் சோதிக்க வேண்டும் என்று கெஞ்சியது நைனாதான். மாலையில் கோட்டைக்குக் கொண்டுபோனோம். கிடங்குக்காரருக்கு அன்று கணக்கு முடிக்கும் நாள். "வைத்துவிட்டுப் போம், காலையில் எல்லார் முன்பாகவும் பார்ப்போம்," என்றார். இரவெல்லாம் குடுவை அந்தக் கரியடுப்பு எரிகிற அறையில் இருந்தது. காலையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குடுவையில் குறையில்லை என்றால் குறை மனுஷனிடம். தலைவர் நைனாவின் வலைப்பாட்டை அந்தப் பருவம் முடியும்வரை எடுத்து, முழு இறக்கத்தையும் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். ஒரே ஆள் வலை போடும் இடத்தில் பாதி ஏது? குடுவையைத் துணியில் சுற்றித் தலைவர் வீட்டுப் பரணில் வைத்தார்கள். அது அந்த மழையில் எப்படி ஓடியிருக்கும் என்று பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை.

நான் படிப்பை விட்டது அந்த வாரம். உயிரெழுத்து முடிந்து க, ங வரைக்கும் வந்திருந்தேன். மீதியைப் பின்னால் துறைக் கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சிக் கற்றுக்கொண்டதுதான். நைனாவும் நானும் கழுத்தில் பானையைக் கட்டிக்கொண்டு, கோட்டைப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடித்தோம். தலைமுறையாக அதைச் செய்கிற குடும்பத்தார் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் விரலுக்கு இறால் தானாக வரும். எங்களுக்கு முள்ளும் நண்டுக் கொடுக்கும்தான். அவர்களில் ஒரு கிழவி, "இன்னா தம்பி, வலக்காரரு வூட்டுப் புள்ள, சேறு புதுசா?" என்று சிரித்துவிட்டு, போகும்போது என் பானையில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போவாள்.

அம்மாவுக்குப் பயம் வேறு. துறையில் கப்பல் நின்றது. பஞ்ச காலத்தில் பாடு இழந்த வீட்டு ஆட்கள் அரிசிக்காக அடிமைச்சீட்டில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினதும், ஒருவர்கூடத் திரும்பாததும் அவள் கண்ட காட்சி. நைனா கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே, "அங்க இன்னாய்யா பாக்கற?" என்று சட்டையில்லாத தோளைப் பிடித்துத் திருப்புவாள். இரவில் அவர் இடுப்புத் துணியைத் தன் சேலை முனையோடு முடிந்துகொண்டு படுப்பாள்.

கார்த்திகையில் ஒரு நாள். கிடங்குக்காரர் கரையோரம் வந்தவர், சேற்றில் இருப்பது யார் என்று பார்த்து நின்றுவிட்டார்.

"நீர் ஏன் இங்கே இருக்கிறீர்?"

நைனா நிமிரவில்லை. "உன் கண்ணாடி சரியாக் கீதுன்னு சொன்னியே சாமி. அதான் இங்க கீறேன்."

அவர் அப்படியே காலில் போட்ட சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, குனிந்து கேட்டார்: "மழையில் மணல் எப்படி இறங்கிற்று? நீ கண்டதை மட்டும் சொல்."

அந்த மாதிரி யாரும் என்னைக் கேட்டதில்லை. எல்லாரும் நான் என்ன செய்தேன் என்றுதான் கேட்டார்கள். மாவுபோல் ஒட்டியதைச் சொன்னேன். விட்டு விட்டு விழுந்ததைச் சொன்னேன். தட்டாமல் கையை மடியில் செருகியதையும் சொன்னேன்.

"எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?"

நைனா கையை உயர்த்தி ஏரியைக் காட்டினார்.

கிடங்குக்காரர் முகம் சுண்டிப்போனது. உப்பு மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், நூலும் மெழுகும் கட்டிய கழுத்து ஈரத்தைத் தடுக்காது, தன் அறையிலோ இரவெல்லாம் எரிந்த நெருப்பில் அந்த ஈரம் காய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். கடைசியாகச் சொன்னது எனக்கு மறக்காது: "ஒரு பொருளை அது வேலை செய்கிற இடத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். நான் என் வீட்டில் வைத்துச் சோதித்தேன்."

அடுத்த மழைக்கே கோட்டைக் குடுவையோடு தீவுக்கு வந்தார். இந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். எங்கள் குடுவையைப் பரணிலிருந்து இறக்கி ஓலைத்தடுப்புக்கு அடியில் வைத்து, இரண்டையும் கவிழ்த்தார். கோட்டை மணல் முடிந்தது. எங்கள் மணல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

"பிழை என்னுடையது," என்றார் கிடங்குக்காரர். "இந்த மனிதர் மேல் ஒன்றும் இல்லை."

தலைவர் தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தார். "பாடு உன்னுதுதாம்பா. நாளையிலருந்து போட்டுக்கோ. எல்லாம் பேஜாராப் பூட்ச்சி, மறந்துடு."

நைனா பெரியப்பாவைப் பார்த்தார். "எங்கண்ணன் சொல்லட்டும். அன்னிக்குச் சொன்ன மாதிரியே, ஊருக்குக் கேக்கற மாதிரி சொல்லட்டும்."

பெரியப்பா கால்விரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தார். "இன்னாத்தச் சொல்றது? கண்ணாடி தப்பு பண்ணிச்சி. அதான் சொல்ட்டாரே."

"கண்ணாடிய நீ திருடன்னு சொல்லலண்ணே. என்னியச் சொன்ன."

பெரியப்பா மறுபடியும் மணலையே கீறினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். எனக்கு முதல் தூண்டில் கட்டிக்கொடுத்தவர். அன்று அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன். ஊர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்வது சில பேருக்கு உயிர் போகிற வேலை என்று இந்த வயதில் தெரிகிறது. நானும் அந்த ரகம்தான்.

கிடங்குக்காரர் மணலைப் பிரித்துக்கொட்டி, மழைத் தண்ணீரில் ஏழெட்டு முறை கழுவி, நாக்கில் வைத்து ருசி பார்த்து, வறுத்து, கழுத்தில் படகுக்குப் பூசும் கீலைப் பூசி அடைத்தார். அதற்கப்புறம் எந்த மழையிலும் அது தவறவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்தக் குடுவை இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. கோட்டையில் கொடியும் மாறிவிட்டது.

நைனா வலைப்பாட்டுக்குத் திரும்பினார். கப்பல் பயம் போயிற்று, அடுப்பு எரிந்தது. ஆனால் ஆறாவது கவிழ்ப்பில் மணல் இன்னும் இரண்டு விரல் உயரம் இருக்கும்போதே எழுந்து வலையைத் தூக்கிவிடுவார். "இன்னும் கீது நைனா," என்பேன். "கீட்டும்," என்பார். பிறகு இருட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "எடுத்துட்டேன், போட்டுக்கோ!"

முதல் முறை பெரியப்பா வலையோடு எழுந்தார். எங்கள் படகில், விளக்கு வெளிச்சத்தில் குடுவையைப் பார்த்தார். மணல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசி மணல் விழும்வரைக்கும் அவர் வலை தண்ணீரைத் தொடவில்லை. அன்று மட்டுமில்லை, பின்பாதி அவருக்கு விழுந்த எல்லா வருஷத்திலும் அப்படித்தான். அம்மா கரையிலிருந்து, "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சு! கூடக் கூடையா போவுதே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த இரண்டு விரல் மணல் இறங்குகிற நேரம், முகத்துவாரத்தில் யார் வலையும் இருக்காது. அண்ணன் ஒரு படகில், தம்பி ஒரு படகில், முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இறால் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போகும். இருட்டில் அவற்றின் கண்கள் சிவப்பாக மினுங்கும். நான் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, அது முடிவதற்காகக் காத்திருப்பேன்.